பாயின்ட் அறைக்கா, அனுபவத்துக்கா? சேலத்திலிருந்து போடும் கணக்கு

கொலுசு ஆர்டர் பிடிக்க மும்பை, சேலைச் சரக்குக்கு சூரத், ஜவ்வரிசிப் பாக்கி வசூலிக்க மகாராஷ்டிரம் என்று சேலத்திலிருந்து மாதாமாதம் வெளியூர் போய் ஹோட்டலில் தங்குபவர்கள் நிறையப் பேர். ரூம் செலவு கம்பெனிக் கணக்கில் போகும், தங்குகிற உறுப்பினருக்கு ஹோட்டல் குழுமம் வெகுமதியாகக் கொடுக்கும் பாயின்ட் சொந்தக் கணக்கில் ஏறும். இரண்டு மூன்று வருடம் இப்படிப் போனால் ஐம்பதாயிரம், எண்பதாயிரம் என்று சேர்ந்துவிடுகிறது. அப்போதுதான் ஹோட்டல் ஆப் புதிதாக ஒரு கடையை விரிக்கிறது: இலவச இரவு மட்டும்தானா, கிரிக்கெட் பாக்ஸில் இரண்டு சீட்டு வேண்டாமா, சமையல் நிபுணர் எதிரில் நின்று பரிமாறும் விருந்து வேண்டாமா, ஃபார்முலா ஒன் பந்தயம் வேண்டாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பணம் கொடுத்தால் கிடைக்கிற அனுபவத்துக்குப் பாயின்டைக் கொடுக்க வேண்டாம். அறையைப் பாயின்டில் எடுத்து, கையில் மிஞ்சும் ரொக்கத்தில் அனுபவத்தை வாங்குவதுதான் பெரும்பாலும் லாபம். பணத்துக்கு விற்காத ஒன்றாக இருந்து, அது நடக்கும் ஊருக்கு எப்படியும் போக வேண்டிய வேலையும் இருந்தால் கணக்கு மாறும். அந்த இரண்டும் சேர்ந்து வருவது சேலத்துக்காரர்களுக்கு அபூர்வம். வரும்போது விடவும் கூடாது.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகைப் பாயின்ட் என்று பாருங்கள். இதைப் பார்க்காமலே பலர் ஒப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். தாஜ் ஹோட்டல்களில் செல்லும் டாடாவின் நியூகாயின் ஒன்றுக்கு ஒரு ரூபாய். ஐடிசி ஹோட்டல்களின் உறுப்பினர் திட்டமான கிளப் ஐடிசியின் கிரீன் பாயின்டும் அப்படியே. அக்கோர் குழுமத்தில் 2,000 பாயின்டுக்கு 40 யூரோ பில்லில் கழியும். இவை நிலையான மதிப்புள்ளவை. ரூமுக்குக் கொடுத்தாலும், சாப்பாட்டுக்குக் கொடுத்தாலும், ஸ்பாவுக்குக் கொடுத்தாலும் மதிப்பு ஒன்றுதான். நியூகாயினைக் கொண்டு பிக்பாஸ்கெட்டில் மளிகைகூட வாங்கலாம். ஆகவே இந்த வகையில் 'அறையா, அனுபவமா' என்ற கேள்விக்கே பெரிய பொருள் இல்லை. எதற்கு ரொக்கம் கொடுக்க இருந்தீர்களோ அதற்குப் பாயின்டைக் கொடுத்துவிட்டுப் போகலாம். காலாவதி தேதியை மட்டும் கவனித்தால் போதும். அக்கோர் கணக்கில் 365 நாள் எந்த அசைவும் இல்லையென்றால் பாயின்ட் போய்விடும்.

மேரியட்டின் பான்வாய், ஹில்டனின் ஆனர்ஸ் போன்ற உறுப்பினர் திட்டங்கள் வேறு ரகம். அங்கே பாயின்டுக்கு நிலையான விலை கிடையாது. மேரியட் 2022 மார்ச்சில் தன் பழைய விலைப்பட்டியலையே எடுத்துவிட்டது. அதிலிருந்து ஒரே அறை ஒரு நாள் 12,000 பாயின்ட் கேட்கும், இன்னொரு நாள் 20,000 கேட்கும். ஒப்பீடு தேவைப்படுவது இங்கேதான்.

அறையின் கணக்கு இப்படி. அதே நாள், அதே அறை, அதே ரத்து விதி. இதற்கு ரொக்க விலை என்ன என்று வரியோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு ரூம் வாடகை 8,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி 1,584 ரூபாய், மொத்தம் 10,384. பாயின்டில் 16,000 கேட்கிறான். வகுத்தால் பாயின்டுக்கு 65 பைசா. இதோடு நிறுத்திவிடக் கூடாது. ரொக்கம் கொடுத்துத் தங்கியிருந்தால் புதிதாகப் பாயின்ட் ஏறியிருக்கும். மேரியட்டின் பெரும்பாலான பிராண்டுகளில் ஒரு டாலர் வாடகைக்கு 10 பாயின்ட். டாலரை 88 ரூபாய் என்று வைத்தால் 8,800 ரூபாய்க்கு 1,000 பாயின்ட். அந்த இழப்பையும் சேர்த்தால் உண்மையில் செலவானது 17,000. இப்போது மதிப்பு 61 பைசா. இதுதான் உங்கள் அளவுகோல்.

ஜிஎஸ்டியில் ஒரு படி இருக்கிறது. அதை அறிந்தவர்கள் அறைப் பாயின்டை இன்னும் நன்றாகப் பயன்படுத்துவார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18 சதவீதம். வாடகை 7,500 என்றால் நீங்கள் கொடுப்பது 7,875 ரூபாய். வாடகை 7,600 ஆனால் 8,968. நூறு ரூபாய் ஏற்றத்துக்கு 1,093 ரூபாய் கூடுதல். மேரியட்டில் பாயின்ட் இரவுக்குப் பொதுவாக வாடகையும் வரியும் அடங்கிவிடும். ஆகவே வாடகை 7,500-ஐச் சற்றே தாண்டும் நாட்களில் பாயின்டைக் கொடுங்கள், அதற்குக் கீழே உள்ள நாட்களில் ரொக்கம் கொடுங்கள்.

'இலவச' இரவில் சேராத செலவுகளும் உண்டு. பாயின்ட் புக்கிங் பெரும்பாலும் அறை மட்டும்தான். திட்டத்தில் உயர்ந்த உறுப்பினர் அந்தஸ்து இல்லாதவர்களுக்குக் காலை உணவு தனி. ஒரு ஆளுக்கு 800 ரூபாய், அதற்கு 18 சதவீத வரி என்றால் 944. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு காலைக்கு 3,776 ரூபாய். பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் கூடுதல் கட்டில் கட்டணம், அல்லது இரண்டாவது அறை. இரண்டாவது அறை என்றால் பாயின்டும் இரட்டிப்பு. காலை உணவு சேர்ந்த ரொக்க விலையை, உணவு சேராத பாயின்ட் விலையோடு ஒப்பிட்டால் பாயின்ட் மதிப்பு பொய்யாக உயர்ந்து தெரியும். ஐந்து இரவு தொடர்ந்து பாயின்டில் எடுத்தால் மேரியட்டில் ஓர் இரவு கழிகிறது. ஆனால் சேலத்திலிருந்து குடும்பத்தோடு ஒரே ஹோட்டலில் ஐந்து நாள் உட்காருகிறவர்கள் குறைவு என்பதால் அது பலருக்குக் காகிதச் சலுகைதான்.

இனி அனுபவத்தின் பக்கம். மேரியட்டில் இதற்குப் பெயர் மொமென்ட்ஸ், ஹில்டனில் எக்ஸ்பீரியன்சஸ். இரண்டு வழியில் விற்பனை நடக்கும்: நிலையான பாயின்ட் விலை, அல்லது ஏலம். மேரியட்டில் எப்போதாவது ஒரே ஒரு பாயின்டுக்குக் கொடுக்கும் அதிரடி விற்பனையும் வரும். கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும் என்பதால் அதைத் திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது.

நிலையான விலைக்கு ஒரே ஒரு சோதனை போதும். இரண்டு சீட்டுக்கு 40,000 பாயின்ட் என்றால், அதை 61 பைசாவால் பெருக்குங்கள்: 24,400 ரூபாய். அந்த இரண்டு சீட்டுக்கு 24,400 ரூபாயை மேஜையில் எண்ணி வைப்பீர்களா? மனசு தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது. சீட்டின் மேல் அச்சடித்த விலையை எடுக்க வேண்டாம். பாக்ஸ், விருந்து, அணிந்த சட்டையில் கையெழுத்து என்று அவர்கள் கூட்டிக் காட்டும் மதிப்பையும் எடுக்க வேண்டாம். நீங்கள் கொடுக்கச் சம்மதிக்கும் தொகைதான் கணக்கு.

அதற்குள் பயணச் செலவும் அடங்க வேண்டும். இந்த அனுபவங்கள் நடக்கும் ஊர்களைப் பாருங்கள். மேரியட் மும்பை இந்தியன்ஸ் அணியோடு கூட்டு வைத்தது. ஹில்டன் மெக்லாரன் பந்தய அணியோடு. அக்கோரின் பெயரில் உள்ள அரங்கம் பாரிஸில். சேலத்திலிருந்து 340 கிலோமீட்டரில் உள்ள சென்னைக்கே ஒரு அனுபவம் வந்தால் அதிர்ஷ்டம். வந்தாலும் என்ன ஆகிறது? சேப்பாக்கத்தில் இரவு 7:30-க்கு ஐபிஎல் ஆட்டம் தொடங்கினால் முடிய 11 மணியைத் தாண்டும். ஏற்காடு எக்ஸ்பிரஸ் சென்ட்ரலிலிருந்து கிளம்புவது 11 மணி வாக்கில். வண்டியை விட்டுவிட்டு, ஆட்ட நாளின் ஏறிய விலையில் சென்னையில் ஒரு ரூம் எடுக்க வேண்டியிருக்கும். போக வர வந்தே பாரத், ஆட்டோ, ரூம் எல்லாம் சேர்ந்து இரண்டு பேருக்குப் பத்தாயிரத்தைத் தொட்டால், 24,400 ரூபாய் மதிப்பு என்று நீங்கள் நினைத்த மாலையில் பாயின்டின் பங்கு 14,400 மட்டுமே. பாயின்டுக்கு 36 பைசா. அறைக்குக் கொடுத்தால் கிடைத்த 61 எங்கே, இது எங்கே. அதே நாளில் சென்னையில் உங்களுக்குக் கல்யாணமோ கொள்முதலோ இருந்தால் பயணச் செலவு கணக்கிலிருந்து விழுந்துவிடும். முன்னே சொன்ன 'எப்படியும் போக வேண்டிய வேலை' என்ற நிபந்தனைக்குக் காரணம் இதுதான்.

ஏலத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் பாயின்ட் அதிகம் கரைவது அங்கேதான். கணக்கில் இருக்கும் பாயின்டை வைத்துத்தான் ஏலம் கேட்க முடியும். பல தளங்களில் உச்ச வரம்பைப் பதிந்து வைத்தால் மற்றவர்கள் ஏற்ற ஏற்ற உங்கள் சார்பில் அதுவே படிப்படியாகக் கேட்கும். சேலத்து ஜவ்வரிசிக் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வில் ரகசிய டெண்டரில் விலை எழுதிப் போட்டுப் பழகிய ஜவ்வரிசி வியாபாரிக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்: நிதானமாக இருக்கும்போது கணக்குப் போட்டு உச்சத்தை ஒரு தடவை எழுது, பிறகு திரும்பிப் பார்க்காதே. பாயின்ட் என்பதால் 'பணமா போகுது' என்ற நினைப்பு வந்து, கடைசி நேரத்தில் ஐயாயிரம் ஐயாயிரமாக ஏற்றுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். ஐயாயிரம் பாயின்ட் என்பது நம் அளவுகோலில் 3,050 ரூபாய்.

போட்ட ஏலத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் ஏலம் முடியும் நேரத்தையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கிழக்கு நேரம் நண்பகல் 12 என்று போட்டிருந்தால் நமக்கு மார்ச் நடுவிலிருந்து அக்டோபர் முடிய இரவு 9:30, குளிர்காலத்தில் 10:30. இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தில் தவறவிடுவது சகஜம்.

விலையைவிடப் பெரிய வித்தியாசம் ரத்து விதியில் இருக்கிறது. பாயின்டில் எடுத்த அறையை, ஹோட்டல் சொல்லும் கெடுவுக்குள் (சாதாரணமாக ஓரிரு நாள் முன்பு, சீசனில் ரிசார்ட்டுகளில் இன்னும் முன்னதாக) ரத்து செய்தால் பாயின்ட் முழுதாகத் திரும்பும். அனுபவத்தில் பெரும்பாலும் அது கிடையாது. தேதி மாற்ற முடியாது, வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, அடையாள அட்டையில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், மதுபானம் பரிமாறும் இடமென்றால் வயது வரம்பும் உண்டு. மழையில் ஆட்டம் நின்றால் கையில் ஒன்றும் வராது என்றே கணக்கிடுங்கள். சேலத்துக் குடும்பங்களில் துக்க வீடு, திடீர் விசேஷம், பரீட்சைத் தேதி மாற்றம் என்று பயணம் தள்ளிப்போவது அடிக்கடி நடக்கிற ஒன்று. அந்த நிலையில் திரும்பி வரக்கூடிய பாயின்டுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆகவே 61 பைசா அறையும் 61 பைசா அனுபவமும் சமமில்லை. திரும்ப வராததற்கு நான்கில் ஒரு பங்காவது கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. இது சூத்திரம் அல்ல. ஒவ்வொருவர் வீட்டு நிலவரத்துக்கு ஏற்பக் கூட்டலாம், குறைக்கலாம்.

அப்படியானால் ஏற்காட்டுக்குப் பாயின்ட் உதவுமா என்று கேட்பவர்கள் உண்டு. நேரான பதில்: அதிகம் உதவாது, உதவ வேண்டிய தேவையும் இல்லை. மலையில் நன்றாக இருக்கும் தங்கல்களில் பெரும்பகுதி எஸ்டேட் பங்களா, தனியார் காட்டேஜ், ஹோம்ஸ்டே. அங்கே பான்வாயும் தெரியாது, ஆனர்ஸும் தெரியாது, ரொக்கமோ ஜிபேயோதான். ஸ்டெர்லிங் ரிசார்ட் உறுப்பினர்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்துவது வேறு விஷயம். அது பணம் கட்டி வாங்கிய விடுமுறை, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமும் உண்டு. தங்கித் தங்கிச் சேர்ந்த பாயின்டோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கீழே சேலத்துக்குள் பன்னாட்டுப் பெயர் என்றால் மாமாங்கம் பக்கம் ராடிசன். உள்ளூர்க்காரர் அங்கே இரவு தங்க வேலை இல்லை. முகூர்த்த நாளில் வெளியூர்ச் சொந்தங்களை உட்கார வைக்கத்தான் அந்தப் பாயின்ட் உதவும். அடுத்தவர் பெயரில் புக்கிங் போட அந்தத் திட்டம் அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சேர்வராயன் மலையின் சிறந்த அனுபவங்கள் எவையும் எந்த ஏலத்திலும் வருவதில்லை, வந்தால் வாங்கவும் கூடாது. காரணம் விலை மட்டும் இல்லை, மழை. காப்பிப் பூ மார்ச், ஏப்ரல் வாக்கில் விழும் முதல் மழைக்குப் பிறகுதான் பூக்கும். பூத்தால் சில நாளில் உதிர்ந்துவிடும். மழை எந்த வாரம் விழும் என்று யாரும் இரண்டு மாதம் முன்பே தேதி குறிக்க முடியாது. அரபிகா பழம் பறிப்பு நவம்பரிலிருந்து ஜனவரி வரை ஓடும். பறிப்பு, தோல் உரிப்பு, களத்தில் உலர்த்துவது மூன்றையும் ஒரே காலையில் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர் நல்லது. கிளியூர் அருவி மழைக்குப் பின் போனால்தான் அருவி, கோடையில் வெறும் பாறை. தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தில் செடிகள் பூக்கும் காலம் இனத்துக்கு இனம் வேறு. இப்படி இயற்கை தேதி குறிக்கும் விஷயங்களுக்கு, திரும்ப வராத பாயின்டை முன்கூட்டிக் கட்டுவதைவிட, முதல் நாள் போனில் கேட்டுவிட்டு மறுநாள் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், ரொக்கம் கொடுத்துப் பார்த்துவிட்டு வருவதே புத்தி. சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தானே. மே மாதக் கோடை விழா வாரமும் விடுமுறை ஞாயிறும் மட்டும் விதிவிலக்கு; அப்போது மலைப்பாதையில் வண்டி நகராது, ரூம் விலையும் தலைகீழாக ஏறியிருக்கும்.

ஆகவே சேலத்துக்காரர்களுக்கு நாங்கள் சொல்லும் ஏற்பாடு: பாயின்டைச் சமவெளியில் செலவழியுங்கள், ரொக்கத்தை மலைக்கு வையுங்கள். மகள் கல்லூரி சேர்க்கைக்குச் சென்னை, அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு பெங்களூர் என்று சொந்தக் காசு கொடுத்துத் தங்க வேண்டிய இரவுகள் வரும். நகரத்தில் வாடகை 7,500-ஐத் தாண்டும் அந்த இரவுகளுக்குப் பாயின்டைக் கொடுத்தால் மிஞ்சும் பத்தாயிரம் ரூபாயில் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களா, ஆள் துணையோடு காப்பித் தோட்ட நடை இரண்டும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அனுபவம் ஜெயிக்கும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். வீரர்கள் ஓய்வறைப் பக்கம் போவது, பந்தய அணியின் கராஜுக்குள் நிற்பது போன்றவை கடையில் விற்பதில்லை. அதற்கு ஆசைப்படுபவருக்கு அறைக் கணக்கு பொருந்தாது. தங்கும் இரவையெல்லாம் கம்பெனியே கட்டுகிறது, குடும்பத்தோடு வெளியூர் போகும் வழக்கமும் இல்லை என்றால் இலவச இரவு கணக்கில் கிடந்து மக்கும். அப்படிப்பட்டவர் மும்பையில் வேலையாக இருக்கும் வாரத்தில் வான்கடே சீட்டை 45 பைசா மதிப்புக்கு எடுத்தாலும் லாபமே. ஆனால் ஹோட்டலுக்குள்ளேயே நடக்கும் சமையல் வகுப்பு, சமையலறை மேஜை விருந்து போன்றவற்றுக்குப் பாயின்ட் கேட்டால், முதலில் அந்த ஹோட்டலுக்கே போன் போட்டு ரொக்க விலையைக் கேளுங்கள். பல நேரம் யார் கேட்டாலும் கொடுப்பார்கள், விலையும் பாயின்ட் கணக்கைவிடக் குறைவாக இருக்கும்.

வங்கி கார்டுப் பாயின்டை ஹோட்டல் கணக்குக்கு மாற்றி ஏலம் கேட்கலாமா என்றால், வேண்டாம். மாற்றினால் திரும்ப வங்கிக்கு வராது. சில வங்கிகளில் போய்ச் சேர நாட்கள் ஆகும். அதற்குள் ஏலம் முடிந்து, தேவையில்லாத பாயின்ட் ஹோட்டல் கணக்கில் மாட்டிக்கொள்ளும். நிலையான விலை அனுபவத்துக்கும், கண்ணெதிரே காலியாகத் தெரியும் அறைக்கும் மட்டும் மாற்றலாம். குறை கொஞ்சம்தான் என்றால் வீட்டிலேயே தீர்த்துக்கொள்ள வழி உண்டு: மேரியட்டில் ஒருவர் ஆண்டுக்கு 1,00,000 பாயின்ட் வரை இன்னொரு உறுப்பினருக்கு அனுப்பலாம். அண்ணன் தம்பி இருவரும் தனித்தனியாகச் சுற்றுகிற வியாபாரக் குடும்பங்களில் இது நன்றாக உதவும்.

எச்டிஎஃப்சி மேரியட் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும் இலவச இரவுச் சான்று வேறு பொருள். அது 15,000 பாயின்ட் வரையிலான அறைக்கு மட்டும், மொமென்ட்ஸில் செல்லாது. விலை கூடுதலான அறை என்றால் மேலே ஓர் அளவு வரை சொந்தப் பாயின்டைச் சேர்த்துக்கொள்ளலாம். அனுபவ ஆசை இருப்பவர்கள் அறைக்குச் சான்றையும் ஆட்டத்துக்குப் பாயின்டையும் பிரித்து வைத்தால், மும்பைப் பயணத்தில் இரண்டும் கைகூடும்.

சில்லறையாக நாலாயிரம், ஆறாயிரம் பாயின்ட் மட்டும் கிடப்பவர்கள் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. மேரியட்டிலும் ஹில்டனிலும் 24 மாதம் அசைவில்லாமல் கிடந்தால் கணக்கு காலியாகும். ஒரு இரவு தங்கினாலோ கொஞ்சம் செலவழித்தாலோ மறுபடி 24 மாதம் ஓடும். மேரியட்டில் சொந்தக்காரருக்குப் பாயின்ட் அனுப்புவது அப்படிக் கணக்கில் வராது. வெளியூர் போகும்போது புக்கிங்கை ஹோட்டலின் சொந்த ஆப்பில் போடுங்கள். மேக்மைட்ரிப் போன்ற தளங்கள் வழியாகப் போட்ட அறைக்கு, மெம்பர் நம்பரைக் கவுண்டரில் சொன்னாலும் பெரும்பாலும் பாயின்ட் ஏறாது.